காற்று வருமுன்

திருக்குறளில் ‘குற்றங்கடிதல்’ என்னும் அதிகாரத்தை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. வருமுன் காத்தலைப் பற்றி வள்ளுவர் அங்கே சொல்லியிருப்பது எளிதில் விளங்கும். எளிதில் மனத்தில் தங்கும். செம்பவாங்கில் நான் தலைமையாசிரியனாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மாணவர்கள் அக்குறளைத் தடையின்றி ஒப்பிப்பார்கள், பொருளும் சொல்வார்கள், தேர்வில் முழு மதிப்பெண்ணும் பெறுவார்கள். கற்பிக்க வேண்டியதைக் கற்பித்துவிட்டோம் என்ற மனநிறைவோடு நானும் புத்தகத்தை மூடிவிடுவேன்.

அண்மையில் பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் அந்த மனநிறைவு கலைந்தது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததை நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் அந்நாளை முழுமைத் தற்காப்பு நாளாக நாம் கடைப்பிடிக்கிறோம். அதையொட்டி மாணவர்கள் தத்தம் பள்ளிகளில் அவசரகாலப் பை ஒன்றைக் கட்டிவைப்பது எப்படி என்று கற்று வந்திருந்தார்கள். கைவிளக்கு, மின்கலம், மருந்து, முக்கிய ஆவணங்களின் படிகள், ஊதல், குடிநீர் என்று அவர்கள் அடுக்கினார்கள். “பார்த்தீர்களா? வள்ளுவர் சொன்னதும் இதுதான்” என்று நான் பெருமிதத்தோடு கூறினேன். முன்வரிசையிலிருந்த சிறுமி எழுந்தாள்.

“ஐயா, உங்கள் வீட்டில் அந்தப் பை எங்கே இருக்கிறது?”

வஞ்சனை இல்லாத வினா. “எல்லார் வீட்டிலும் இருக்க வேண்டும் அல்லவா?” என்று நான் விடையளித்தேன். அது விடை அன்று என்பது எனக்குத் தெரியும். அச்சிறுமிக்கும் தெரிந்திருக்கக்கூடும், அவள் மரியாதையாக உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் பாதுகாப்பறையின் இரும்புக் கதவைத் திறந்தேன். 1997ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டத்தின்படி, அதன் பின்னர் கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகளில் தடித்த கற்காரைச் சுவர்களுடன் இத்தகைய சிற்றறை ஒன்று இருப்பதை நம் வாசகர் அறிவர். ஆபத்துக் காலத்தில் குடும்பம் முழுவதும் உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளவே அது கட்டப்பட்டது. என் வீட்டு அறையில் ஓர் ஆள் நிற்கவும் இடமில்லை. பழைய பாடநூல்கள், ஓடாத மின்விசிறி, தீபாவளி விளக்குச் சரங்கள், திருத்தி முடித்த விடைத்தாள்கள் ஆகியவை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. கைவிளக்கு ஒன்றும் அகப்பட்டது. அதன் மின்கலம் கசிந்து உறைந்துபோயிருந்தது.

அந்த வாயிலில் நின்றபோது, கடல் கடந்து வேதாரணியத்துப் பக்கம் வாழும் என் அக்காளின் முகம் நினைவுக்கு வந்தது. அதன் காரணத்தைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

* * *

சிங்கப்பூரில் புயல் ஏது என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியில் நியாயமும் உண்டு. கடலின் வெப்பத்தால் எழும் ஈரக் காற்று சுழலத் தொடங்குவதற்குப் பூமியின் சுழற்சியால் விளையும் கொரியோலிஸ் விசை துணைசெய்ய வேண்டும். பூமத்திய ரேகையில் அவ்விசை இல்லை. அதன் அருகில் மிகவும் குறைவு. ஆகவே, வட அகலாங்கு ஒன்றரை பாகையளவில் அமைந்த நம் தீவுக்குப் புயல் வாராது என்று நூல்கள் கூறின. ஆனால் 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் ‘வாமெய்’ என்ற புயல், சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. பூமத்திய ரேகைக்கு மிக நெருங்கித் தோன்றிய புயல்களுள் ஒன்றாக அது இன்றும் எண்ணப்படுகிறது. அரிது என்பதும் இல்லை என்பதும் ஒரே பொருளுடைய சொற்கள் அல்ல என்பதை அந்த நாள் காட்டியது.

அதற்கு முன்பே மழை நமக்குப் பாடம் கற்பித்திருந்தது. 1978ஆம் ஆண்டு டிசம்பர் 2, 3 ஆகிய நாள்களில் பெய்த மழையில் 24 மணி நேரத்தில் 512.4 மில்லிமீட்டர் பதிவாயிற்று. எழுவர் உயிரிழந்தனர், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு அகற்றப்பட்டனர். அப்போது எனக்குப் பத்து வயது. செம்பவாங்கில் கப்பல் பட்டறைத் தொழிலாளர் சிலர் வாழ்ந்த தகரக் கூரை வீடுகளுள் எங்களுடையதும் ஒன்று. நள்ளிரவில் கட்டிலுக்கடியில் செருப்புகள் மிதந்தன. அம்மா எழுந்ததும் அழவில்லை. அப்பா எதையும் தேடவில்லை. உத்தரத்தை ஒட்டிய பரணில் ஒரு தகரப் பெட்டி எப்போதும் இருந்தது. அதனுள் மெழுகுத் துணியில் சுற்றிய பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், அப்பாவின் வேலைப் பத்திரங்கள், ஒரு நெருப்புப் பெட்டி, இரண்டு மெழுகுவத்திகள். பக்கத்தில் மூடியிட்ட தகர டின்னில் மூன்று நாளைக்கான அரிசி. சுவரில் ஓர் அரிக்கேன் விளக்கு. அப்பா பெட்டியைத் தலையில் வைத்தார். அம்மா என்னைத் தூக்கினாள். மேட்டுத் தெருவுக்கு நடந்தோம். அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் சூறாவளியைக் குறிக்கும் ஒரு சொல்லே திரிந்து நம் வீடுகளில் ‘அரிக்கேன்’ விளக்காகத் தொங்கியது. காற்றுக்கு அணையாத விளக்கு என்பதால் அதற்கு அப்பெயர். அந்த விளக்கை நாம் தூக்கியெறிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. விளக்கோடு சேர்த்து அதைத் துடைத்து, திரி வெட்டி, எண்ணெய் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் எறிந்துவிட்டோம் என்பதை நான் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன்.

* * *

என் அக்காள் எனக்கு எட்டு வயது மூத்தவர். 1971ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் தங்கள் படைகளைச் சிங்கப்பூரிலிருந்து விலக்கிக்கொண்டபோது, செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல ஊர் திரும்பின. சில குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. வேலை நிலைக்குமோ நிலைக்காதோ என்ற அச்சத்தில், பதினொரு வயது அக்காளை அப்பா ஊருக்கு அனுப்பி அப்பாயியின் வீட்டில் விட்டார். அவர் அங்கேயே வளர்ந்தார், அங்கேயே மணந்தார். உப்பளமும் மாந்தோப்பும் தென்னையும் மல்லிகையும் நிறைந்த வேதாரணியத்துக் கரையோரச் சிற்றூர் ஒன்று அவர் ஊராயிற்று.

1977ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் நாகப்பட்டினத்தருகே ஒரு கொடும்புயல் கரை கடந்தது. தமிழகத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு ஒரு வாரம் கழித்து ஆந்திரக் கரையைத் தாக்கிய மற்றொரு புயல் ஏறத்தாழ பதினாயிரம் உயிர்களைக் கொண்டது. நாகைப் புயலின்போது அக்காளுக்குப் பதினேழு வயது. அப்பாயியும் அவரும் நெல் குதிருக்கும் சுவருக்கும் இடையில் இரவு முழுவதும் ஒடுங்கியிருந்து தப்பினார்கள். பின்னாளில் அக்கதையை அக்காள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அது, “அந்தக் காற்றே நம்மை ஒன்றும் செய்யவில்லை” என்றே முடியும். பிழைத்தவர் சொல்லும் கதை அப்படித்தான் முடியும். பிழைக்காதவருக்குக் கதை சொல்ல வாயில்லை.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வங்கக் கடலில் ‘கஜா’ உருவாயிற்று. இலங்கை வழங்கிய பெயர் அது. வடமொழியில் யானை என்று பொருள். பல நாள்களுக்கு முன்பே வானிலைத் துறை எச்சரித்தது. புயல் போகும் பாதையைத் தொலைக்காட்சி மணிக்கு மணி காட்டியது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ கரையோர ஊர்களைச் சுற்றியது. கடற்கரை ஊர்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் பாதுகாப்பு மையங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். இங்கே செம்பவாங்கில் உட்கார்ந்து நானும் எல்லாவற்றையும் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். 15ஆம் நாள் பிற்பகல் அக்காளை அழைத்தேன்.

“அக்கா, இன்றிரவு காற்று உங்கள் பக்கம்தான் வருகிறது. ஓட்டு வீட்டில் இருக்காதீர்கள். பள்ளிக்கூடத்து மையத்துக்குப் போய்விடுங்கள். குடும்ப அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் நெகிழிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு மின்னேற்றிக்கொள்ளுங்கள். குடத்தில் தண்ணீர் பிடித்துவையுங்கள். மாட்டை அவிழ்த்து விட்டுவிடுங்கள். அத்தானிடமும் சொல்லுங்கள்.”

“ஆகட்டும் தம்பி, பார்க்கிறோம்” என்றார் அக்காள்.

முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்றவனுக்கு, ‘ஆகட்டும் ஐயா’ என்று சொல்லும் மாணவன் பாடம் புரிந்துதான் சொல்கிறானா, பேச்சை முடிப்பதற்காகச் சொல்கிறானா என்று தெரிந்திருக்க வேண்டும். அன்று எனக்குத் தெரியவில்லை. என் கடமை முடிந்தது என்று கைப்பேசியைக் கீழே வைத்தேன்.

16ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. மறுநாள் நூறுமுறை அழைத்தேன், மணியே அடிக்கவில்லை. நான்கு நாள் கழித்து அடுத்த ஊர்க்காரர் ஒருவரின் கைப்பேசியிலிருந்து அக்காளின் குரல் வந்தது. “எல்லாரும் உயிரோடு இருக்கிறோம் தம்பி” என்பதே முதல் வாக்கியம். அவர்கள் மையத்துக்குப் போகவில்லை.

* * *

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனேன். திருத்துறைப்பூண்டியைத் தாண்டியதும் வழியெல்லாம் தென்னைகள் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்தன. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சாய்ந்த மின்கம்பங்கள் மட்டும் ஓர் இலட்சத்துக்கு மேல். மாண்ட மக்கள் நாற்பதின்மருக்கு மேல். அக்காளின் தோப்பில் எழுபது தென்னைகளில் எட்டு நின்றன. தென்னை நட்டுக் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். முழுப் பலன் தரப் பின்னும் பல ஆண்டுகள் ஆகும். அறுபதை நெருங்கிய ஒருவருக்கு விழுந்த தோப்பு என்பது தம் வாழ்நாளில் மீண்டும் பார்க்க முடியாத தோப்பு.

அத்தான் காலில் மாவுக்கட்டோடு திண்ணையில் சாய்ந்திருந்தார். இரவு இரண்டு மணியளவில் காற்று திடீரென்று ஓய்ந்ததாம். வானத்தில் விண்மீன்கூடத் தெரிந்ததாம். புயல் போய்விட்டது என்று எண்ணி, அவிழ்க்காமல் விட்ட பசுவைப் பார்க்கக் கொட்டிலுக்குப் போனார். புயலின் நடுவில் ‘கண்’ என்று ஓர் அமைதியான பகுதி உண்டு. அது கடக்கும்வரை காற்று நிற்கும்; கடந்ததும் முன்னைக்கு நேர் எதிரான திசையிலிருந்து வீசும். வடக்கிலிருந்து வந்த காற்றுக்குத் தாங்கி நின்ற மரம், தெற்கிலிருந்து வந்த காற்றில் கொட்டிலின் மேல் விழுந்தது. பசு மாண்டது. அத்தானின் கால் முறிந்தது. பாதையெல்லாம் மரங்கள் கிடந்ததால், மறுநாள் நண்பகலில்தான் ஊரார் அவரைக் கட்டிலோடு சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. இன்றும் அவர் ஊன்றுகோலின்றி நடப்பதில்லை.

துயரத்தைவிடக் கோபமே எனக்கு மிகுந்திருந்தது. “அவ்வளவு சொன்னேனே அக்கா! ஏன் போகவில்லை?” என்று கேட்டேன். தலைமையாசிரியனின் குரல் அதில் இருந்தது.

அக்காள் உள்ளறையைக் காட்டினார். அங்கே அவருடைய மாமியார் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். எண்பது வயதைக் கடந்தவர். பக்கவாதத்தால் மூன்று ஆண்டுகளாக எழ முடியாதவர். அவரைப் பற்றி எனக்குத் தெரியாதா? தெரியும். விழாக்காலங்களில் நலம் கேட்பேன். அன்று பிற்பகல் தொலைபேசியில் அவர் நினைவு எனக்கு ஒருகணமும் வரவில்லை.

“பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவில் உட்கார வைத்தால் சரிந்துவிடுவார்கள். எப்படியோ கொண்டுபோனாலும் இருநூறு பேர் நடுவில் எங்கே கிடத்துவது? இரவில் நாலு தடவை துணி மாற்ற வேண்டும். ஊரே பார்க்க மாற்றுவதா? ‘என்னை விட்டுவிட்டு நீங்கள் போங்கள்’ என்று அவர்களே சொன்னார்கள். அப்படிச் சொன்னவரை விட்டுவிட்டு எந்த மருமகள் போவாள்?”

“இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே அக்கா.”

“சொன்னால் வண்டிக்குப் பணம் அனுப்பியிருப்பாய் தம்பி. எனக்குத் தேவை பணமில்லை. நாலு பேர் கையும், அங்கே ஒரு தட்டி மறைப்பும்தான். போங்கள், போங்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நீயும் சொன்னாய். எப்படிப் போவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.”

எனக்கு மறுமொழி இல்லை. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி கூறுவார்: மாணவன் தவறான விடை எழுதினால் அடித்துத் திருத்துவதற்குமுன், அந்த விடைக்கு அவன் எந்த வழியாக வந்தான் என்று கேளுங்கள் என்று. அந்தப் பாடத்தை எத்தனையோ இளம் ஆசிரியர்களுக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். என் உடன்பிறந்தாளிடம் அதைக் கடைப்பிடிக்கவில்லை.

* * *

அந்த விடுமுறையில் மூன்று வாரங்கள் ஊரில் இருந்தேன். வீடு வீடாகப் பேசிக்கொண்டிருந்தேன். புயல் வரும் என்பதை அறியாதவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் பலர் ஆயத்தமாகவில்லை. ஏன்?

முதற்காரணம், பழைய புயலே அவர்களுக்கு அளவுகோலாக இருந்தது. 1977இல் நின்ற வீடு இப்போதும் நிற்கும் என்று எண்ணினார்கள். அன்று புதிதாக இருந்த உத்தரம் நாற்பத்தோர் ஆண்டுகளில் கரையான் தின்ற உத்தரம் ஆகிவிட்டதை எண்ணவில்லை. இரண்டாவது, வாராத புயல்கள். வங்கக் கடலில் தோன்றும் புயல்களுள் பல திசைமாறிப் போகின்றன. சில கடலிலேயே வலுவிழக்கின்றன. மூன்று முறை மூட்டை கட்டிச் சென்று, மழைகூடப் பெய்யாமல் திரும்பியவர், நான்காம் முறை அண்டை வீட்டார் சிரிப்பார்களே என்று தயங்குகிறார். நரி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதையை நாம் சிறுவனுக்குப் புத்தி சொல்லவே நடத்துகிறோம். உண்மையாகவே நரி காட்டோரம் வரை வந்து திரும்பியிருந்தால் அச்சிறுவன் என்ன செய்வான் என்று கேட்பதில்லை.

மூன்றாவது, உடைமை. பூட்டிய வீட்டுக்குத் திருடன் வருவான் என்ற அச்சம் ஒருபுறம். மகளின் திருமணத்துக்குச் சேர்த்த நகையோடு பொது இடத்தில் உறங்க அச்சம் மறுபுறம். கறவை மாடு குடும்பத்தில் ஒருத்தி; அவளைக் கட்டவிழ்த்து இருட்டில் விரட்ட மனம் வருவதில்லை. நான்காவது, வறுமை. அன்றன்று அரிசி வாங்குபவரிடம் மூன்று நாளைக்கு அரிசி சேர்த்துவையுங்கள் என்பது அறிவுரை ஆகாது. ஐந்தாவது, மானம். நடக்க இயலாதவர், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருப்பவர், மனநலம் குன்றிய மகனை உடையவர் ஆகியோருக்கு ஊரார் கண்கள் காற்றைவிடக் கொடியவை.

இவற்றுள் அறியாமை எங்கே இருக்கிறது? நான் தேடித் தேடிப் பார்த்தேன். இருப்பின் அது மிகச் சிறிய காரணம். ஆனால் நாமோ எல்லாவற்றுக்கும் அறியாமையையே காரணமாகச் சொல்கிறோம். ஏனெனில் அதற்கு மருந்து எளிது: இன்னும் ஒருமுறை உரக்கச் சொன்னால் போதும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறை அன்று. 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் ‘கத்ரீனா’ என்ற சூறாவளி தாக்கியது. நகரை விட்டு வெளியேறுங்கள் என்ற ஆணை முன்கூட்டியே பிறந்தது. சொந்தக் கார் இல்லாதோர் எப்படி வெளியேறுவது? அந்நகரில் உயிரிழந்தோரில் பெரும் பகுதியினர் முதியோர். வளர்த்த நாயை விட்டுப்பிரிய மனமின்றித் தங்கியவர்களும் இருந்தார்கள். வெளியேற்றத் திட்டங்களில் வீட்டு விலங்குகளுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று மறு ஆண்டே அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. என் அத்தானின் பசுவை எண்ணும்போது அந்தச் சட்டம் எனக்கு நகைப்பாகத் தோன்றவில்லை.

கற்றுக்கொண்ட நாடுகளும் உண்டு. 1970ஆம் ஆண்டு நவம்பர் மாதப் புயல் இன்றைய பங்களாதேஷின் கரையில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை மாய்த்தது. அதன் பின் அந்நாட்டு அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து ஒரு புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கின. அதன் உயிர்நாடி தொண்டர்கள். அவர்கள் அந்தந்த ஊரிலேயே வாழ்பவர்கள். எந்த வீட்டில் கிழவி கிடக்கிறாள், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள் என்று அறிந்தவர்கள். கொடியேற்றி, ஒலிபெருக்கியில் கூவி, வீட்டுக்குள் சென்று கைபிடித்து அழைத்துவருகிறார்கள். மாடுகளுக்கென மேடுகளும் எழுப்பப்பட்டன. 2020ஆம் ஆண்டு ‘அம்பன்’ புயலின்போது அங்கே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பிடங்களுக்குச் சென்றனர். மாண்டோர் நூற்றுக்குள் அடங்கினர். நம் ஒடிசாவிலும் அப்படியே. 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் ஏறத்தாழ பதினாயிரம் பேரை இழந்த அம்மாநிலம், 2013ஆம் ஆண்டு ‘பைலின்’ புயலில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்களை முன்னரே அகற்றியது. இழப்பு ஐம்பதுக்குள் நின்றது. கடலும் காற்றும் மாறவில்லை. எச்சரிக்கை இன்னும் முன்னதாக வந்தது. பாதுகாப்பான கட்டடங்கள் எழுந்தன. அவற்றோடு, வீட்டு வாயிலில் வந்து நின்று ‘எப்படிப் போவீர்கள்?’ என்று கேட்கும் ஆளும் இருந்தார்.

* * *

ஒரு குடும்பம் செய்யவேண்டியவை மிகப் பல அல்ல. மழைக்காலத்துக்கு முன்பே உத்தரமும் ஓடும் பார்க்க வேண்டும். வீட்டைத் தொட்டு நிற்கும் கிளைகளை வெட்ட வேண்டும். தென்னையில் முற்றிய காய்களையும் கனத்த மட்டைகளையும் இறக்க வேண்டும். எச்சரிக்கை வந்ததும் குடிநீர், அரிசி, மருந்து, விளக்கு, நெகிழியில் சுற்றிய ஆவணங்கள் ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். பறக்கக்கூடிய தகரத்தையும் பலகையையும் உள்ளே கொண்டுவர வேண்டும். கால்நடைகளை அவிழ்த்துவிட வேண்டும். காற்று இடையில் ஓய்ந்தால் வெளியே போகக் கூடாது. இவ்வளவும் ஒரு தாளில் எழுதிவிடலாம். தாளில் எழுத முடியாத ஒன்று எஞ்சுகிறது: இவ்வீட்டில் தானாக நடக்க முடியாதவர் யார்? அவரைச் சுமக்கும் நால்வர் யார்? அவர்களிடம் இன்றே பேசியாயிற்றா?

செம்பவாங்கில் வாழும் நமக்கு இதில் பங்கு இல்லையா? நம்மில் பலர் காவிரிக் கழிமுகத்து ஊர்களோடு உறவுடையவர்கள். ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் நம் தொலைபேசிகள் அந்த ஊர்களை அழைக்கின்றன. அழைப்பது நன்று. நான் அழைத்ததைப் போல் அழைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

அந்தச் சிறுமியின் வினாவுக்குப் பிறகு வந்த ஞாயிறன்று நான் வகுப்பில் உண்மையைச் சொன்னேன். “போன வாரம் நீ கேட்டபோது என் வீட்டில் பை இல்லை. அன்றிரவே அந்த அறையைக் காலிசெய்யத் தொடங்கினேன். இப்போது இருக்கிறது” என்றேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். காலிசெய்ய நான்கு மாலைகள் ஆயின. எடுத்துப்போட்ட விடைத்தாள்களில் வருமுன் காத்தலைப் பற்றிய கட்டுரைகளும் இருந்தன. எல்லாவற்றுக்கும் நான் நல்ல மதிப்பெண்களே போட்டிருந்தேன்.

அவ்வாண்டு அந்தக் குறளுக்கு எழுத்துத் தேர்வு வைக்கவில்லை. மாணவர்களுக்கு ஒரு வேலை மட்டும் கொடுத்தேன். வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஊரிலோ உள்ள ஒரு முதியவரிடம், “ஆபத்து வந்தால் நீங்கள் எப்படி வெளியே போவீர்கள்?” என்று கேட்டு, அவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்டு வாருங்கள் என்றேன். அடுத்த ஞாயிறு ஒரு மாணவன், தன் பாட்டி மின்தூக்கி நின்றுவிட்டால் பதினோராவது மாடியிலிருந்து இறங்க முடியாதென்று சொன்னதைக் கூறினான். ஐந்து ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவன் அதை அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அவன் தந்தை கீழ்மாடியில் வாழும் இரண்டு இளைஞரிடம் பேசிவைத்திருக்கிறாராம். அந்தக் குறளுக்கு நான் இதுவரை கேட்ட விளக்கங்களுள் அதுவே சிறந்தது.

அக்காளின் மாமியார் 2021ஆம் ஆண்டு, மழையில்லாத ஒரு மாதத்தில், தம் கட்டிலிலேயே அமைதியாகக் கண்மூடினார். எட்டுத் தென்னைகளுக்கிடையே அக்காள் புதிய கன்றுகளை வைத்திருக்கிறார். இப்போது நடக்க முடியாதவர் அத்தான். சென்ற ஐப்பசியில் நான் அழைத்தபோது, முதலில் காற்றைப் பற்றிப் பேசவில்லை.

“அக்கா, அவசரமானால் அத்தானை யார் தூக்குவார்கள்?” என்று கேட்டேன்.

தொலைபேசியில் சிறிது நேரம் ஒலியில்லை. பிறகு அக்காள் நான்கு பெயர்களைச் சொன்னார். நால்வரும் அடுத்த தெருப் பிள்ளைகள். ஒவ்வொருவரிடமும் தாமே நேரில் போய்ப் பேசியிருக்கிறார். தட்டி மறைப்பு ஒன்றும் முடைந்து சுவரோரம் சாய்த்துவைத்திருக்கிறாராம்.

“உன் வீட்டில் என்ன வைத்திருக்கிறாய் தம்பி?” என்று அவர் கேட்டார்.

இம்முறை என்னால் விடை சொல்ல முடிந்தது.